நிலை மின்சாரமும் மின் கசிவும்: வேறுபாடும் பாதுகாப்பும்

தைப்பனி நீங்கியபின் மாசி, பங்குனி மாதங்களில் உள்நாட்டு மாவட்டங்களில் பகற்காற்று வறண்டுவிடுகிறது. அக்காலத்தில் நாற்காலியை விட்டெழுந்து இரும்புக் கதவைத் தொடுங்கால், விரல் நுனியில் சுருக்கென்று ஓர் அதிர்ச்சி உண்டாவதைப் பலரும் அனுபவித்திருப்பர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், இதனைப் போலவே தோன்றும் வேறோர் அதிர்ச்சி உயிரைப் போக்கவல்லது.

இருவேறு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டும் உராய்ந்தும் பிரியும்போது, ஒன்றில் உள்ள எலக்ட்ரான்கள் மற்றொன்றில் சென்று தங்குகின்றன. இவ்வாறு தேங்கும் மின்சாரமே நிலை மின்சாரம் எனப்படும். பிளாஸ்டிக் நாற்காலி, நைலான், பாலியெஸ்டர், கம்பளி ஆகியவை இதனை எளிதில் உண்டாக்கும். காற்றில் ஈரம் இருப்பின் அது மெல்ல நீங்கிவிடும். வறண்ட நாட்களில் நீங்க வழியின்றி உடலில் தேங்கி, உலோகத்தைத் தொட்டவுடன் பொறியாகப் பாய்கிறது. அதன் அழுத்தம் சில ஆயிரம் வோல்ட் இருப்பினும், மின்சாரத்தின் அளவு மிகச் சொற்பமாகையால் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும், உடலுக்குத் தீங்கில்லை.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை:

(1) வறண்ட நாட்களில் பருத்தி ஆடை உடுத்தலும், நாற்காலியின்மீது பருத்தித் துணி விரித்தலும் நன்று.

(2) இரும்பைத் தொடுமுன் சுவரையோ மரத்தையோ தொட்டால் மின்சாரம் நோவின்றி இறங்கும். கையிலுள்ள சாவியால் முதலில் இரும்பைத் தொடினும் விரலில் சுருக்கென்னாது.

(3) மோட்டார் வண்டியிலிருந்து இறங்குங்கால், ஆசனத்தை விட்டெழுமுன்னரே கதவின் உலோகப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு, கால் தரையில் ஊன்றும்வரை விடாதிருத்தல் வேண்டும்.

உடலுக்குத் தீங்கற்ற இப்பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. ஆகவே, விசைத் தெளிப்பான், களையெடுக்கும் இயந்திரம் முதலியவற்றுக்குப் பெட்ரோல் வாங்குவோர், கேனை வண்டியில் வைத்தபடியே நிரப்பலாகாது. தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டிருக்கும்படி மெதுவாக நிரப்புதல் வேண்டும். வீட்டில் இயந்திரத்திற்கு ஊற்றும்போது, அதனை நிறுத்தி, சூடு ஆறியபின், வெளியிடத்தில் ஊற்றுக.

இனி, மிக முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு தோட்டத்தில் மோட்டார் அறையின் இரும்புக் கதவு சுருக்கென்பதை, "வெயில் காலத்தில் இப்படித்தான்" என்று வீட்டார் பல நாள் பொருட்படுத்தாதிருந்தனர். யான் சென்றிருந்த சமயம் மெயின் சுவிட்சை நிறுத்தி ஒயர்மேனை அழைத்துப் பார்க்கச் செய்ததில், ஒயரின் உறை தேய்ந்து கதவில் பட்டிருந்ததும், எர்த் கம்பி அறுந்து கிடந்ததும் தெரியவந்தன. அது நிலை மின்சாரமன்று, மின் கசிவு. மழை பெய்து தரை நனைந்திருப்பின் விளைவு யாதாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிலை மின்சாரம் ஒருமுறை பாய்ந்து தீர்ந்துவிடும். உடனே மறுமுறை தொட்டால் இராது. மின் கசிவோ, சுவிட்சு போட்டிருக்கும்வரை தொடுந்தோறும் தாக்கும். ஈரமும் வெறுங்காலும் முன்னதைத் தணிக்கும்; பின்னதை எமனாக்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாதலால், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சோதிக்கும் பொருட்டுத் தொட்டுப் பார்த்தலும் கூடாது. மோட்டார், குழாய், கிரைண்டர் முதலியவற்றில் அதிர்ச்சி தோன்றின் மெயின் சுவிட்சை நிறுத்தி, தேர்ந்த ஒயர்மேனை அழைத்தலே முறை.

எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றி வருதலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை வீட்டில் பொருத்துதலும் சிறந்த காப்பாகும். கிராம உத்தியோகஸ்தர்கள் குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் முதலிய பொது இடங்களிலுள்ள மோட்டார்களின் எர்த் இணைப்பை மழைக்காலத்திற்கு முன்னரே சோதிக்க ஏற்பாடு செய்வாராயின், பல உயிர்களைக் காத்தவராவர்.