மூலக்கூறிடம் கேட்கும் கேள்வி

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மவர்களிடம் பழைய வழக்கம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். பெயர் சாவிக்குப் போகிறது. சாவி இல்லாவிட்டாலும் அடங்கியிருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. புதிய வலிப்பு மருந்து தேடும் ஆய்வுக்கூடத்திலும் இதே சிக்கல்தான். மூலக்கூறைச் செய்வதைவிட, அதனிடம் எதைக் கேட்கிறோம் என்பதே அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தை வேதியியலாளர் ஹைன்ரிஹ் பில்ட்ஸ் 1908-இலேயே தயாரித்துவிட்டார். பின்னர் பார்க்-டேவிஸ் நிறுவனம் அது தூக்கம் வரவழைக்குமா என்று பார்த்தது; வரவழைக்காததால் ஒதுக்கியது. 1930-களில் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இரு மருத்துவர்கள் கேள்வியையே மாற்றினார்கள். பூனைகளுக்கு மின்சாரம் பாய்ச்சி வலிப்பை உண்டாக்கி, அதை எது தடுக்கிறது என்று பார்த்தார்கள். முப்பது ஆண்டு கிடப்பில் இருந்த பொருள் 1938-இல் மருந்தானது. அதன்பின் மின்சாரச் சோதனையும், பென்டிலின்டெட்ரசால் என்ற வலிப்பூட்டும் ரசாயனச் சோதனையும் எல்லா மூலக்கூறுக்கும் வாசற்படியாயின. லெவெட்டிராசெட்டம் அந்த இரண்டிலும் தோற்றது. ஆனால் சிறு தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து வலிப்புக்குப் பழக்கிய எலிகளிடம் அது வேலை செய்தது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று உலகெங்கும் அதிகம் எழுதப்படும் வலிப்பு மாத்திரைகளில் ஒன்றாகிவிட்டது. பழைய வாசற்படியோடு நின்றிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தத் தேடல் மலேசியாவிலும் நடக்கிறது. கோல சிலாங்கூர் மாவட்டத்துப் புஞ்சாக் அலாமில், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில், இயற்கைப் பொருள்களிலிருந்து மருந்து தேடும் அத்தா-உர்-ரஹ்மான் ஆய்வகம் இருக்கிறது. அதே சிலாங்கூர் மாநிலத்தில், சன்வே மொனாஷ் பல்கலைக்கழகத்தில், ஸீப்ரா மீன்களுக்கு வலிப்பை உண்டாக்கிப் பூனை மீசைச் செடியின் சாற்றையும், வாய்விளங்கத்தில் உள்ள எம்பெலினையும் சோதித்திருக்கிறார்கள். இரண்டும் வலிப்பைக் குறைத்தன. மீனுக்கு நல்லது மனிதனுக்கு ஆகுமா? ஆகாமலும் போகலாம். மீன் சலித்துத்தான் கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. ஆகவே பூனை மீசைக் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்த இதில் இடமே இல்லை.

இருக்கிற மருந்தே போதாதா என்பார்கள். நியாயமான கேள்விதான்: முறையாகச் சிகிச்சை பெற்றால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தோட்டப்புறத்தில் மாத்திரையைத் தவறாமல் எடுப்பதுதான் முதல் தேவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் மிச்சமுள்ளவர்களுக்கு அந்தப் பதில் உதவாது. இருக்கிற மருந்துகளிடமும் கேட்க வேண்டியதை நாம் கேட்டு முடிக்கவில்லை. 1953-இல் உருவான கார்பமஸிபின் 1960-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. சிலருக்கு அது ஏன் தோலையே உரித்துவிடும் ஒவ்வாமையைத் தருகிறது என்பதற்கான தடயம் 2004-இல்தான் தைவானில் கிடைத்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட 44 சீன நோயாளிகளிடமும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. மலாய்க்காரர்களிடமும் அது கணிசமாக உண்டு. இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஐரோப்பியரிடம் அபூர்வம் என்பதால் அங்கே நடந்த சோதனைகளில் இந்தத் தொடர்பு கண்ணில் படவில்லை. கோல சிலாங்கூரின் ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒருவருக்குக் கார்பமஸிபினைப் புதிதாகத் தொடங்குமுன் இந்த ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பல ஆண்டுகளாக அது ஒத்துப்போகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைத்துவிடும்.