கசியும் குழிகளும் குவாண்டம் பின்னலும்

ஒன்றையொன்று தொடாமல் விலகி இருக்கும் இரு பொருள்களின் நிலையைத் தனித்தனியே எழுத முடியாமல், இரண்டுக்கும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தால் அவை குவாண்டம் பின்னலில் உள்ளன என்பர். இப்பின்னலைக் குலைப்பவற்றுள் முதன்மையானது ஆற்றல் கசிவு. எதிரெதிர் ஆடிகளுக்கிடையே ஒளியை அடைத்துவைக்கும் ஒத்ததிர்வுக் குழியில் ஃபோட்டான் நிலைத்துத் தங்குவதில்லை. பாரிஸில் செர்ழ் அரோஷ் குழுவினர் நயோபியம் பூசிய மீக்கடத்து ஆடிகளால் அமைத்த மிகச் சிறந்த குழியிலும் நுண்ணலை ஃபோட்டானின் ஆயுள் ஏறத்தாழ 0.13 வினாடிதான்.

கணக்குப்படி ஆற்றல் முற்றும் தீர முடிவிலாக் காலம் ஆகும். பின்னலோ அதற்கு வெகு முன்பே அடியோடு அற்றுப்போகலாம் என்று 2004இல் டிங் யூவும் ஜோசப் எபர்லியும் காட்டினர். ‘திடீர் மரணம்’ எனப்படும் இவ்விளைவு 2007இல் ரியோ டி ஜெனிரோவில் ஃபோட்டான் இணைகளைக் கொண்டு சோதனையில் உறுதியானது.

அற்றுப்போன பின்னல் எங்கே செல்கிறது? சிலே நாட்டின் லோபஸ், ரெட்டமால் உள்ளிட்டோர் 2008இல் இதற்கு விடை தந்தனர். இரு குழிகளும் வெறுமையாக இருக்கும் நிலையும், இரண்டிலும் ஒவ்வொரு ஃபோட்டான் இருக்கும் நிலையும் மேற்பொருந்தியிருக்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொரு குழியும் தன் சுற்றுப்புறத்துக்குள் மட்டுமே கசிகிறது. குழிகளுக்கிடையே இருந்த பின்னல் முடிவில் அவற்றின் சுற்றுப்புறங்களுக்கிடையே போய்ச் சேர்கிறது.

எப்போது சேரும் என்பது தொடக்க நிகழ்தகவைப் பொறுத்தது. ஃபோட்டான்கள் இருப்பதற்கான வாய்ப்பு 80 விழுக்காடானால், பாதி ஆற்றல் கசிந்த கணத்தில் குழிகளின் பின்னல் அறும். அதே கணத்தில் சுற்றுப்புறங்களின் பின்னல் பிறக்கும். அவ்வாய்ப்பு 90 விழுக்காடானால், மூன்றில் ஒரு பங்கு கசிந்ததுமே பின்னல் அற்றுவிடும். மூன்றில் இரண்டு பங்கு கசிந்த பிறகே மறுபுறம் பிறக்கும். இடைப்பட்ட நேரத்தில் குழிகளுக்கிடையிலும் பின்னல் இல்லை, சுற்றுப்புறங்களுக்கிடையிலும் இல்லை. ஆயினும் அது அழிந்துவிடவில்லை. குழியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரு பக்கமாகக் கொண்டால், இரு பக்கங்களுக்கிடையே உள்ள பின்னலின் அளவு தொடக்கம் முதல் மாறுவதே இல்லை. நான்கு உறுப்புகளிலும் அது பரவிக் கிடக்கிறது.

கசியும் ஒளி சிதறாமல் ஒரே வழியில் செல்லுமாறு அமைத்தால், இழப்பே பின்னலை அனுப்பும் பாதையாகிவிடும். குழியிலிருந்து வெளியேறும் ஒளியால் தொலைவிலுள்ள அணுக்களை இணைக்கும் திட்டத்தைச் சிராக், சோலர், கிம்பிள், மபூச்சி ஆகியோர் 1997இல் வகுத்தனர். ஜெர்மனியின் கார்ஷிங்கில் கெர்ஹார்ட் ரெம்பே குழுவினர் 2012இல் அவ்வகை வலையமைப்பை இயக்கிக் காட்டினர். 21 மீட்டர் இடைவெளியில் இரு ஆய்வகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழிக்குள் ஒற்றை ரூபிடியம் அணு. நடுவே 60 மீட்டர் ஒளியிழை. முதல் அணு தன்னோடு பின்னிய ஃபோட்டானை வெளியிட்டது. குழியின் ஓர் ஆடி வழியே வெளிவந்த அந்த ஃபோட்டானை இரண்டாம் அணு உள்வாங்கியதும், அணுவுக்கும் ஃபோட்டானுக்கும் இடையே இருந்த பின்னல் இரு அணுக்களுக்கிடையே மாறியது.