மணி பிளான்ட் வைத்தால் நெடி போகுமா?

புது பர்னிச்சர் வந்திறங்கிய அலுவலகத்தில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்று ஊழியர்கள் சொன்னால், நிர்வாகம் முதலில் கூப்பிடுவது நர்சரிக்காரரை. மேசைக்கு ஒரு மணி பிளான்ட், வரவேற்பறையில் இரண்டு அரேகா பாம். "நாசாவே சொல்லியிருக்கு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படமும் கூடவே வரும்.

நாசா அப்படியொரு ஆய்வு நடத்தியது உண்மைதான். விண்கலம் போன்ற அடைத்த இடங்களை மனதில் வைத்து 1989-இல் பில் வுல்வர்ட்டன் தலைமையில் நடந்தது. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகளைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைந்தது. அதில் வேரடி மண்ணின் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் அலுவலகம் அப்படி அடைத்த பெட்டி அல்ல. பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதி செய்யப்பட்ட ரசாயனம் அது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், பழைய சோதனைகளையெல்லாம் திரட்டி 2019-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டடத்துக்குள் வெளிக்காற்று வந்துபோவதாலேயே நடக்கிற சுத்திகரிப்புக்குச் செடிகள் ஈடாக வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை. நூறு சதுர அடி கேபினுக்குக் குறைந்தது தொண்ணூறு தொட்டி! நாற்காலியை எங்கே போடுவது?

செடி இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி, இருக்கட்டும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தலைக்கு மேலே ஓடுகிற ஸ்பிளிட் ஏ.சி. அறையின் காற்றையே குளிரவைத்துத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஜன்னலையும் அடைத்துவிட்டால் நெடிக்குப் போக வழி ஏது? எக்ஸாஸ்ட் ஃபேன், திறக்கிற ஜன்னல், வெளிக்காற்று இழுக்கும் குழாய் ஆகியவையே தீர்வு. பெயின்ட் வேலையை விடுமுறையில் முடித்து, அறையைத் திறந்துபோட்டு ஆறவிடலாம். ஏர் பியூரிஃபையர் வாங்கினால் கார்பன் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெப்பா ஃபில்டர் மட்டும் இருந்தால் தூசியைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிகளில் சொல்யூஷன் பூசுகிறவர்களின் நிலை இதைவிடக் கடுமையானது. பசையில் ஹெக்சேன் கலந்திருந்தால் அது நாளாவட்டத்தில் நரம்பைத் தாக்கும். கால் விரல், கை விரல் மரத்துப்போவதில் ஆரம்பிக்கும். அங்கே மேசைக்கு மேசை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும், மூடியுள்ள டப்பாவும் வேண்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. அந்த இடத்தில் செடி வைப்பதை ஏமாற்று வேலை என்றே சொல்வேன்.

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின், 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ பிரிவு சேர்ந்தது: பணியிடத்தில் தன் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான தகவலை நிர்வாகத்திடம் பெறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். பயன்படுத்தும் பசை, பெயின்ட், கிளீனர் ஆகியவற்றின் எம்.எஸ்.டி.எஸ். எனப்படும் ரசாயனப் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள்.

எரிச்சல் ஞாயிறன்று குறைந்து திங்களன்று திரும்புகிறதா? தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த ரசாயனம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது மருத்துவச் சீட்டில் ஏறட்டும். புகாரை நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால், ஆலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளர். வேலையால் வந்த நோய் என்று சட்டப் பட்டியலில் உள்ள நோய், ஈ.எஸ்.ஐ.யில் பணிக்கால விபத்துக்குச் சமம். சிகிச்சையோடு உதவித்தொகையும் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முதலாளியிடம் ஊழியர் இழப்பீடு கோரலாம்.