நாலு எண், ஒரு பொத்தான்

ஆந்திரத்தின் சத்தியவேட்டில் ஷேர் ஆட்டோ ஏறப்போகும் பெண் முதலில் ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பார், அடுத்துப் பின்சீட்டை. உள்ளே இன்னொரு பெண் இருந்தால் ஏறுவார். இல்லாவிட்டால், "நீங்க போங்கண்ணா, அடுத்த வண்டில வர்றேன்." ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்டு முடிந்து வருபவருக்குப் பெரிய ரோடு வரை கவலையில்லை, அங்கிருந்து ஊருக்குள் போகும் இருட்டுப் பாதைதான் கவலை. சவாரிச் செயலியை வடிவமைப்பவர் அந்த இரண்டு பார்வைகளையும் போனுக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

முகத்துக்குப் பதில் செயலி தருவது நாலு எண் ஓடிபி. அது பயணியின் போனில் மட்டும் தெரியும். அவர் சொல்ல, ஓட்டுநர் தன் போனில் தட்டினால்தான் பயணம் தொடங்கும். நாலு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. வேறு வண்டிக்காரர் குருட்டாம்போக்கில் சரியான எண்ணை எளிதில் தட்டிவிட முடியாது. ஆனால் பதிவு அண்ணன் பெயரில், வண்டி ஓட்டுவது தம்பி என்றால் ஓடிபி என்ன செய்யும்? அதற்காகத்தான் சில செயலிகள் ஓட்டுநரை அவ்வப்போது செல்ஃபி எடுக்கச் சொல்லி, பதிவிலுள்ள படத்தோடு ஒப்பிடுகின்றன.

பின்சீட்டுப் பார்வைக்கு அரசே வழி சொல்லியிருக்கிறது. சவாரியைப் பகிரும் பெண், பெண்களோடு மட்டும் பகிரக் கேட்கலாம் என்று மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிகள் சொல்லின.

இந்த ஏற்பாடுகள் பலவும் சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் உபர் காரில் ஏறிய பெண் ஓட்டுநரால் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த ஓட்டுநர் மீது முன்பே வழக்கு இருந்தது. செயலியில் சேர்த்தபோது அது பிடிபடவில்லை. டெல்லி அரசு அந்தச் சேவைக்குத் தடை போட்டது. மறு ஆண்டில் செயலிக்குள் அவசரப் பொத்தான் வந்தது.

ஆனால் ஷிஃப்டு முடிகிற நேரத்தில் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே? சார்ஜ் இருந்தாலும் டவர் கிடைக்க வேண்டும். ஜிபிஎஸ், செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி இடத்தைக் கணிக்கும். அதற்கு டவர் தேவையில்லை. கணித்த இடத்தை இன்னொருவருக்கு அனுப்பத்தான் டவர் வேண்டும். டேட்டா நின்றால் எஸ்எம்எஸ்ஸுக்கு மாறத் தெரியாத செயலி கிராமப் பாதைக்கு உதவாது.

ஆந்திரப் போக்குவரத்துத் துறை 2020 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய 'அபயம்' திட்டம் பொத்தானை ஆட்டோவிலேயே பொருத்தியது. முதல் கட்டம் 1,000 ஆட்டோக்கள். ஓட்டுநர் தன் அட்டையைக் கருவியில் காட்ட வேண்டியிருந்தது. ஓட்டுவது யார் என்பது பதிவாகிவிடும். பயணி பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும்படி அமைத்திருந்தார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டியும் அழுத்தலாம். என்னைக் கேட்டால், செயலிக்குள் இருக்கும் பொத்தானைவிட இதுவே நல்ல யோசனை.

நட்சத்திர மதிப்பெண்ணை மட்டும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. வீட்டு வாசல் வரை வந்து இறக்கிவிட்டவருக்கு ஒற்றை நட்சத்திரம் போட எந்தப் பெண்ணுக்குத் துணிவு வரும்? வீடு அவருக்குத் தெரியுமே. தனித்தனி மதிப்பெண்ணைக் காட்டாமல், பல பயணங்களின் சராசரியை மட்டும் காட்டினால் கொஞ்சம் தைரியம் வரும். பலர் தெருமுனையிலேயே இறங்கி நடப்பதும் வீடு தெரிந்துவிடக் கூடாது என்பதால்தான். இறங்குமிடத்தை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகாமல் தெருமுனையிலேயே விடுகிற செயலிக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால்தான் ஓடிபி. சத்தியவேட்டிலிருந்து தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்குப் போனால் மாநிலம் மாறும், போலீஸும் மாறும். அவசர எண் இரண்டு பக்கமும் 112தான்.