பத்தடிக் கம்பத்தின் கீழ்

பண்டித வகுப்பிலே பெருங்கதையின் பந்தடிப் பகுதியைப் பாடஞ் சொல்லும்போது, "அத்தனை ஆயிரம் அடியையும் யார் சேர் எண்ணினது?" என்று எவளேனும் ஒரு மாணவி கேட்பதுண்டு. அருகிருந்த மகளிர் எண்ணினர் என்பேன். ஆயினும் அது புலவன் கூட்டிய கணக்கு என்றே என் உள்ளம் கொண்டிருந்தது. 2019 ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக்கிண்ண வலைப்பந்தாட்டத்தில், யாழ்ப்பாண மண்ணிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 348 கோல்களை எய்தினார். அத்தொடரில் வேறெவரும் அத்தனை எய்தவில்லை. அச்செய்தியைப் படித்த பின்னர் புலவன்மீது எனக்கிருந்த ஐயம் சற்றே தளர்ந்தது.

வலைப்பந்து கூடைப்பந்தின் தங்கை. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்த கூடைப்பந்து, இங்கிலாந்து சென்று மகளிர்க்கென மாறியபோது இவ்வாட்டம் பிறந்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதனை மகளிர் கூடைப்பந்து என்றே அழைத்தனர். ஆயினும் தங்கைக்கு விதிகள் கடுமையானவை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுதல் ஆகாது. மூன்று விநாடிக்கு மேற் கையில் வைத்திருத்தல் ஆகாது. கம்பம் பத்தடி உயரம். வளையத்தின் பின்னே பலகை இல்லை. கூடைப்பந்தில் குறி சற்றுப் பிழைத்தாலும் பலகையிற் பட்டுப் பந்து உள்ளே விழக்கூடும். இங்கே அந்தத் தயவு கிடையாது.

தர்ஜினியின் உயரம் ஆறடி பத்து அங்குலம். "அவ்வளவு உயரம் இருந்தால் யாரும் போடுவார்கள்" என்று எம் ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார். அவரைப் பலகையற்ற கம்பத்தின் கீழ் நிறுத்திப் பத்துப் பந்தைக் கையிற் கொடுத்துப் பார்க்க வேண்டும். உயரம் பந்தை வாங்குவதற்கு உதவும். வளையத்துள் இறக்குவதற்கு மணிக்கட்டின் மென்மையும் மனத்தின் அமைதியும் வேண்டும். எதிரணியினரோ அவர் கைக்குப் பந்து வருமுன்னரே முன்னும் பின்னும் நெருங்கி நின்று மறிப்பர். லிவர்பூலில் சிங்கப்பூரை இலங்கை 88க்கு 50 என வென்றது. இருந்தும் பதினாறு நாடுகளுள் இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடமே. கடைசிக்கு முந்திய அணியில் நின்று உலகிலேயே கூடுதலான கோல்களை எய்துவது எத்தகைய தனிமை!

கடல் கடந்து, அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் என்னும் அணிக்கும் அவர் ஆடினார். வலைப்பந்தில் உலகின் முதல்வரிசையில் நிற்கும் நாடு அது. ஆசியக் கிண்ணத்தை இலங்கை 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்றபோது மூன்று முறையும் அணியில் இருந்தார். 2023 இல் கேப் ரவுண் உலகக்கிண்ணத்துக்குச் சென்றபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

அந்த 2009 ஆம் ஆண்டில் வட்டக்கச்சி வெறுமையாய்க் கிடந்தது. இரணைமடுவின் நீர் பாய்ந்த வயல்களை விட்டு நாங்கள் முதலில் கிழக்கு நோக்கியும் பின்னர் முகாமுக்கும் போயிருந்தோம். ஆசியக் கிண்ணமும் அதனை வென்ற அணியில் ஒரு தமிழ்ப்பெண் நின்றதும் அப்போது எம் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் மகிழும் நிலையில் இருந்தோமா என்பது வேறு.

இவ்வளவும் எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. 2004 ஆம் ஆண்டளவில் என் வகுப்பில் நெடிய பிள்ளை ஒருத்தி இருந்தாள். 'பனை' என்று பிள்ளைகள் கூப்பிடுவர். அவள் முதுகைக் கூனி நடப்பாள். வலைப்பந்து மைதானத்தில் மட்டும் நிமிர்ந்து நிற்பாள். ஒருநாள் அவள் தகப்பனார் வந்து, "இவளை இன்னும் பத்துப்பேர் பார்க்க ஏன் சேர் விளையாட விடுகிறியள்? நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்றார். நானும், "பரீட்சை வருகிறது, விளையாட்டை விட்டுவிடு பிள்ளை" என்று கூறினேன். பரீட்சை வெறுஞ் சாக்கு என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுபேச்சின்றி விட்டுவிட்டாள். பந்தாடும் மங்கையரின் எழிலைச் செய்யுள் செய்யுளாகப் பாராட்டிப் படிப்பிக்கும் வாய்தான் அதனையும் சொல்லிற்று.

சென்ற தவணையில் அவள் தன் மகளை அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. என் தலைக்கு மேல் நின்றாள். கையிலே புதிய சப்பாத்துப் பெட்டி. "விளையாட்டு ரீச்சரைப் பார்க்க வந்தனான்" என்றாள் தாய். பிறகு சற்றுத் தயங்கி, "இவளுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லிப்போடாதேங்கோ சேர்" என்றாள். ரீச்சர் மைதானத்தில் நிற்கிறார் என்று வழிகாட்டிவிட்டு நின்றேன். இருவரும் நிமிர்ந்தே நடந்து போயினர்.