தண்ணீரில் பத்து நிமிடம்: தசைச்சிதைவு உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே நீர்ப் பயிற்சி

உங்கள் பிள்ளைக்குத் தசைச்சிதைவு நோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் செல்போனில் தேடுகிறீர்கள். நீச்சல் குளத்தில் ஒரு குழந்தை சிரித்தபடி மிதக்கும் வீடியோ வருகிறது. அதற்குக் கீழேயே கழுத்தில் மாட்டும் காற்று வளையத்தின் விளம்பரம். "இதை நாமளும் வீட்டுல செஞ்சா என்ன?" என்று தோன்றுவது இயல்பு. செய்யலாம். அதற்கு நீச்சல் குளம் வேண்டியதில்லை, பல வீடுகளில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். ஆனால் எதற்காகச் செய்கிறோம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

முதலில் ஒரு விஷயம். தண்ணீர் இந்த நோயைக் குணப்படுத்தாது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் டுஷேன் வகையில், தசை நார்களைத் தாங்கிக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் கிட்டத்தட்ட உருவாவதே இல்லை. அதனால் நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகி, அந்த இடத்தில் கொழுப்பும் தழும்புத் திசுவும் சேர்கின்றன. 'கஷ்டப்பட்டுப் பயிற்சி செஞ்சா தசை ஏறும்' என்ற ஜிம் கணக்கு இங்கே செல்லாது. மிச்சம் இருக்கும் தசையைக் களைத்துப்போகும் அளவுக்கு வேலை வாங்கினால் சேதம்தான் கூடும்.

பிறகு தண்ணீர் எதற்கு? தசை பலவீனமானால் மூட்டும் இறுகும். குதிகால் நரம்பு என்று நாம் பேச்சில் சொல்லும் தசைநாண் சுருங்கும். பிள்ளை முன்பாதத்தில் நடக்கும், அடிக்கடி விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் இறுக்கம் தளர்வதால், காலை நீட்டி மடக்கும்போது வலி குறைவாக இருக்கும். இன்னொன்று, தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் கால்மேல் இறங்குகிறது. தரையில் கையைத் தூக்க முடியாத குழந்தை தண்ணீரில் கையை மிதக்கவிட்டு வீசும். அந்தக் குழந்தைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தொடங்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது மூச்சைப் பற்றி. மார்பளவு தண்ணீர் நெஞ்சை அழுத்தும். நமக்கு அது தெரியாது, மூச்சுத் தசை பலவீனமான பிள்ளைக்குத் தெரியும். இதயப் பிரச்சினை, வலிப்பு, விழுங்குவதில் சிரமம், தொண்டையிலோ வயிற்றிலோ குழாய் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். காய்ச்சல், பேதி, ஆறாத புண் இருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை, பக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். குழந்தையை முதுகு சாயும் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் கெண்டைக்கால் மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைக்கவும். பிறகு ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறு கையால் பாதத்தை மெல்ல மேல்நோக்கி, முட்டியை நோக்கித் தள்ளவும். இழுபடுவது தெரியணும், வலிக்கக் கூடாது. 20 முதல் 30 விநாடி பிடித்து விடுங்கள். எத்தனை முறை, எந்த மூட்டுக்கு என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வீடியோவைப் பார்த்து மட்டும் செய்யக் கூடிய வேலை அல்ல இது.

டப்பில் உட்காரவைக்க வசதி இருந்தால் விளையாட்டாகவே நடத்துங்கள். பந்தைத் தள்ளுவது, டம்ளரில் மொண்டு ஊற்றுவது, காகிதக் கப்பலை ஊதி நகர்த்துவது. ஊதுவது மூச்சுக்கும் நல்லது. தண்ணீர் 34 முதல் 36 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். வெப்பமானி இல்லையென்றால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. கோடைக்காலத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே இந்தச் சூட்டில் வரும், சில நாள் அதைவிடக் கொதிக்கும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பழகிய பிறகும் இருபதைத் தாண்ட வேண்டாம். அடுத்த நாள் கால் வலி என்று அழுதாலோ சோர்ந்து கிடந்தாலோ நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனை.

காற்றடைத்த குளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்தடி விட்டத்தில் ஓரடி உயரத்துக்கு நிரப்பினாலே ஏறக்குறைய 550 லிட்டர், அதாவது அரை டன்னுக்கு மேல் எடை. பால்கனியில் வைக்கவே கூடாது. அவ்வளவு தண்ணீரையும் தினமும் மாற்ற முடியுமா என்றும் யோசியுங்கள். தேக்கிவைத்தால் டெங்கு கொசு முட்டையிடும். டப் தண்ணீர் என்றால் முடித்ததும் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றிவிடலாம்.

ஆபத்து அதிகம் இறங்கும்போதும் ஏறும்போதும்தான். இந்த நோயில் தோள்பட்டை தளர்வாக இருக்கும். நாம் வழக்கமாகக் குழந்தையைத் தூக்குவதுபோல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் ஈரத்தில் அப்படியே வழுக்கிக் கீழே போய்விடும். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை தொடைக்கு அடியில். பிள்ளை வளர்ந்துவிட்டால் இரண்டு பேர். ஸ்டீராய்டு மாத்திரை பல ஆண்டு சாப்பிடும் குழந்தைகளுக்கு எலும்பும் பலவீனமாக இருக்கும். பாத்ரூமில் ஒருமுறை விழுந்து தொடை எலும்பு முறிந்தால், நடந்துகொண்டிருந்த பிள்ளை அதற்குப் பிறகு நடக்காமலே போகலாம். ரப்பர் விரிப்பு போடாமல் தொடங்காதீர்கள். வாட்டர் ஹீட்டர் ராடு பயன்படுத்தினால் பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்து வைத்த பிறகே குழந்தையைக் கூட்டி வரவும்.

அந்தக் கழுத்து வளையம்? வாங்காதீர்கள். 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு குழந்தை இறந்ததையும் இன்னொரு குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் குறிப்பிட்டு, எஸ்.எம்.ஏ. முதல் வகை போன்ற பாதிப்புள்ள குழந்தைகளுக்கு நீர்ச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. கைக்குப் போடும் காற்றுப் பையும் உயிர் காக்கும் சாதனம் அல்ல. டப்பில் அரையடி தண்ணீர்தான் என்றாலும் போன் அடித்தால் எழுந்து போகாதீர்கள். கழுத்து நிற்காத பிள்ளை சத்தமே இல்லாமல் மூழ்கும்.

சரி, சொல்லிக்கொடுக்க பிசியோதெரபிஸ்ட் எங்கே கிடைப்பார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதியுங்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்திலும் கேளுங்கள், உள்ளடக்கிய கல்வியின் கீழ் அங்கே பிசியோதெரபிஸ்ட் இருப்பார். சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தனித்துவ அடையாள அட்டைக்குப் போனிலேயே விண்ணப்பிக்கலாம். 'ஸ்வாவலம்பன் கார்டு' என்று தேடி, முகவரி 'ஜிஓவி டாட் இன்' என முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கவும். தசைச்சிதைவு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆக உயர்ந்தது. பேட்டரி சக்கர நாற்காலிக்கும் சேர்த்தே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

போனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதம் ஒருமுறை, அதே இடத்தில், பிள்ளை தரையிலிருந்து எழுந்து நிற்பதையும் பத்து அடி நடப்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் வரும்போது பேசத் தொடங்கும் முன் அதைக் காட்டுங்கள்.