வீடு திரும்பும் முன் தெருவைப் பாருங்கள்

நீரிழிவு நோய்க்காக எங்களிடம் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவருக்கு, வீடு திரும்பும்போது வழக்கமான அறிவுரைகளைக் கூறினோம்: மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள்; நாள்தோறும் 30 நிமிடம் நடங்கள். இரண்டு மாதங்கள் கழித்துக் காலில் ஆழமான புண்ணோடு அவர் மீண்டும் வந்தார். இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது.

அவர் எங்கள் சொல்லை மீறவில்லை. ஒரு நாளும் விடாமல் நடந்திருந்தார். ஆனால் அவர் தெருவில் பாதாளச் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டி, ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தனர். விடியற்காலையில் விளக்கு எரிவதில்லை. காலில் உணர்வு குறைந்திருந்ததால், செருப்புக்குள் புகுந்த கல்லை அவர் அறியவில்லை. அவர் எங்கே நடப்பார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. பிறகு அவருடைய மருமகள் விசாரித்தபோது, இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளி மைதானத்தில் காலையில் நடக்க அனுமதி உண்டு என்பது தெரிந்தது. தீங்கும் உதவியும் அருகருகே இருந்தன. இரண்டையும் பார்க்கத்தான் எவரும் இல்லை.

இவ்வாறு பார்ப்பதற்குப் பொதுச் சுகாதாரத் துறையில் ஒரு முறை உண்டு. சமூகச் செவிலியர்களுக்கு இது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஒரு பகுதிக்குப் புதிதாகச் செல்பவர், மெதுவாகச் செல்லும் வாகனத்தில் இருந்தோ நடந்தோ, வீடுகள், குடிநீர், சாக்கடை, கடைகள், மருத்துவ வசதி, மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைக் கண்டு குறித்துக்கொள்வார். வாகனத்தின் முன்கண்ணாடி வழியே பார்ப்பதால் இதனை ‘விண்ட்ஷீல்டு சர்வே’ என்பர். குறைகளை மட்டுமன்றி, அப்பகுதியில் உள்ள நல்ல வசதிகளையும் எழுத வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி.

நேரில் சென்று பார்ப்பதன் பயனுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. கெட்ட காற்றே காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தோர் வாழ்ந்த தெருக்களுக்குச் சென்று விசாரித்தார். இறப்புகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. அதன் அருகிலேயே வேலை செய்த மதுபான ஆலைத் தொழிலாளர்களோ அந்தத் தண்ணீரைக் குடிக்காததால் தப்பியிருந்தனர். செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பது உண்மையே. எனினும் காலரா நீரின் வழியே பரவுகிறது என்பதை உணர்த்திய முக்கியச் சான்றாக அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது.

இதே முறையை நோயாளியின் குடும்பத்தார் எளிதாகப் பின்பற்றலாம். ஒரு தாளில் நடுவே கோடு இழுத்து, ஒரு பக்கம் ‘இடையூறு’ என்றும் மறுபக்கம் ‘உதவி’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் தெருவைச் சுற்றி வாருங்கள். ஒரே தெரு அந்த இரு வேளைகளிலும் வெவ்வேறாக இருப்பதைக் காண்பீர்கள்.

நடைபாதை: நோயாளி நடக்கச் சமமான இடம் உண்டா? படிகள் எத்தனை? நாய்த் தொல்லை உண்டா? இளைப்பாற உட்கார இடம் உண்டா?

தண்ணீர்: குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்கிறதா? மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் நீர் தேங்கியுள்ளதா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுபடும்.

உணவு: காய்கறியும் கீரையும் நடந்துசெல்லும் தொலைவில் கிடைக்கின்றனவா? அல்லது பஜ்ஜிக் கடையும் இனிப்புக் கடையும் மட்டும்தான் அருகில் உள்ளனவா?

மருத்துவ உதவி: ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே உள்ளது? மருந்துக் கடை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? 108 ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா? வராதெனில், எந்த அடையாளத்தைச் சொல்லி எங்கே நிறுத்தச் சொல்வீர்கள்? தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. உங்கள் பகுதிக்கு வரும் பணியாளர் யார் என்று கேட்டறியுங்கள்.

மனிதர்கள்: நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் அண்டை வீட்டார் யார்? ஆட்டோ ஓட்டுபவர் யார்? இந்தப் பெயர்களும் ‘உதவி’ பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

கண்ணால் கண்டது மட்டும் முழு உண்மை ஆகிவிடாது. பூட்டிய கட்டடம் வாரத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் நடக்கும் இடமாக இருக்கலாம். எனவே, கண்டதை நெடுங்காலம் அங்கு வாழ்பவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறர் வீடுகளைப் படம் எடுக்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது அந்தத் தாளை மருத்துவச் சீட்டுடன் எடுத்து வாருங்கள். நடக்க இடம் இல்லையெனில் வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க பயிற்சிகளைச் சொல்லித் தருவோம். குளிர்சாதனப் பெட்டி இல்லையெனில் இன்சுலினை எவ்வாறு பாதுகாப்பது என்று விளக்குவோம். எரியாத விளக்கும் மூடாத பள்ளமும் நோயாளியின் குற்றம் அல்ல. அவற்றை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். அந்த முதியவர் இப்போது காலுக்கேற்ற செருப்பு அணிந்து, பள்ளி மைதானத்தில் நடக்கிறார். வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும், “நீங்கள் எங்கே நடப்பீர்கள்?” என்று நாங்களும் இப்போது கேட்கிறோம்.